மாலைதீவுக்குப் போன தயிரும் மலைநாட்டு மூக்கும்

“தங்கச்சி, பிளேன்ல ஏறுறது ஒங்கட தயிரா, மண்ணா?”

என் தயிரை வெளிநாட்டுக்கு அனுப்பும் கற்பிட்டி நிஸ்தார் நானா இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் பால் காய்ச்சி, உறை ஊற்றி, வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும். எருமையைச் சமாளிக்கலாம், ஏற்றுமதிக்காரரைச் சமாளிக்க ஏலாது.

சட்டி

யுத்தம் முடிந்ததும் எங்கள் கண்டக்குழியில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகள் முளைத்தன. என் தயிர் முதலில் அங்கேதான் போனது. பிறகு நானா அதை மாலைதீவு ஹோட்டல்களுக்கு அனுப்பத் தொடங்கினார். தயிர் எவ்வளவு பாரமோ அது உறையும் மண் சட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவு பாரம்; விமானக்காரன் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்பான். அதனால் நானா பிளாஸ்டிக் கப்பில் உறைய வைக்கச் சொன்னார்.

மண் தயிரின் தண்ணீரை உறிஞ்சிக் கட்டியாக்கும், பிளாஸ்டிக் உறிஞ்சுமா என்று, கொன்வென்டில் சிஸ்டர்மார் படிப்பித்த விஞ்ஞானம் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். கடைசியில் பாலை இன்னும் வற்றக் காய்ச்சி, கப்பிலேயே கட்டியாக உறைய வைத்ததும் நான்தான். கப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நானா சொன்னார்: “இதத்தானே தங்கச்சி நான் அண்டைக்கே சொன்ன.”

லொறி

எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்கு எது போனாலும் கருவாட்டு லொறியில்தான் போகும். வெங்காயமும் அதில்தான், கல்யாண வீட்டுக் கதிரையும் அதில்தான். என் தயிர்ப் பெட்டிகளையும் கருவாட்டு மூடைகளுக்கு மேலே பத்திரமாக அடுக்கி அனுப்பினேன். கொழும்பில் பெட்டியைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அவ்வளவையும் திருப்பி அனுப்பிவிட்டான். இன்னொரு தடவை இப்படி மணந்தால் ஓடர் பக்கத்து ஊர்க் கனமூலைத் தயிர்க்காரருக்குப் போய்விடும் என்று நானா முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ரோசலினைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு கப் முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னாள்: “என்ன மணம் அக்கா? தயிர் தயிராத்தானே இருக்கு.”

மூக்கு

அப்போதுதான் விளங்கியது, இந்தக் கரையில் பிறந்த மூக்கு எதுவும் இந்த வேலைக்கு உதவாது. நானாவின் மூத்த மகன் மலைநாட்டில், மாத்தளையில் கல்யாணம் முடித்து, மனைவி றிஸ்னாவைப் புதிதாகக் கூட்டி வந்திருந்தார். கற்பிட்டிக் கடைத்தெருவில் லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு நடக்கும் ஒரே ஆள் அவள். வேறு லொறி பிடித்து, பெட்டியை ஏற்றமுன் அவளைக் கூப்பிட்டோம். பெட்டியை முகர்ந்தாள், கப்பை முகர்ந்தாள், பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “தயிர்ல ஒண்டுமில்ல அன்ரி. ஒங்கட கையிலதான்.”

அன்றைக்கே குசினியில் இருந்த கருவாட்டுப் பானையை வேலிப் பக்கம் தள்ளினேன். தேசிக்காய்ச் சாறு பிழிந்து கை தேய்க்காமல் பாலைத் தொடுவதில்லை. ஓடர் கை விட்டுப் போகவில்லை. இப்போது நெய்யும் கேட்கிறார்கள். ஆனால் போன கிழமை றிஸ்னா லேஞ்சி இல்லாமல் வந்தாள். கருவாடு காயவைத்த சாக்கை வேண்டுமென்றே அவள் மூக்கடியில் பிடித்தேன். “நல்ல சாக்குத்தானே அன்ரி” என்றாள்.

தயிர் ஏற்றுமதிக்கு மூலதனம் எருமையல்ல, ஊருக்குப் பழகாத ஒரு மூக்கு.

“நானா, இளையவனுக்கும் மலைநாட்டிலேயே பொண் பாருங்கோ” என்றேன். அவர் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.