மருதாணிக் கோனும் ஈரக்குலையும்

தென்காசியில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைக்க மிஸ்ரியாவை விட்டால் ஆளில்லை. அவள் இழுக்கிற கொடி வேறு யாருக்கும் வராது என்பார்கள். அது கொடியே இல்லை, நுரையீரலுக்குள் மூச்சு போகிற குழாய்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு ஆஸ்பத்திரிச் சுவரில் ஆரம்பித்தது. சளிக்கு மருந்து வாங்கப் போனவள் அங்கே மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. மருந்து வாங்காமலே வீடு திரும்பினாள். சளி தானாகப் போய்விட்டது, படக்கிறுக்கு போகவில்லை. போனில் தேடித் தேடிப் பெரிதாக்கிப் பார்த்து, சிறுநீரகம், குடல், காது நரம்பு என்று வரைந்து தள்ளினாள். சவுதியிலிருந்து வீடியோ காலில் வரும் வீட்டுக்காரர் சலீம், "சாப்பிடுத நேரத்துல குடலைக் காட்டாதட்டி" என்று கெஞ்சுவார்.

ஒரே ஒரு குறைதான். தான் வரைவது இன்னதென்று ஒருத்தராவது கண்டுபிடிக்க வேண்டுமே! சிறுநீரகத்தைப் பார்த்து "மாங்கா டிசைன் நல்லாருக்கு" என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்விட்டுச் சொல்லவும் பயம். பெண் கையில் ஈரக்குலையை வரைந்தவள் என்று பேர் வந்தால் அப்புறம் எவள் கூப்பிடுவாள்?

பக்கத்துத் தெரு ஜன்னத்தின் கல்யாணத்தில்தான் குட்டு உடைந்தது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்த சாயங்காலம். ஈரக்காற்றில் மருதாணி காயவில்லை என்று மிஸ்ரியா ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா துபாயில் நர்ஸ். ஜன்னத்தின் கைகளை விரித்துப் பார்த்தவள் சத்தமாகவே சொன்னாள்: "இது ஹார்ட்டுல்லா! வலது கைல சரியா இருக்கு. இடது கைல கூர் மாத்திப் போகுதே?"

மிஸ்ரியா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மருதாணியில் இரண்டு கையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதயத்தையும் திருப்பிப் போட்டிருக்கிறாள்! மானம் போச்சு, தொழிலும் போச்சு. ஆனாலும் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு பொங்கியது. ஒருத்தி பார்த்துவிட்டாள், தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பார்த்துவிட்டாள்!

"ஆமா லாத்தா, ஹார்ட்டுதான்! இந்தா, விரல்ல ஏறுதது ரத்தக்குழாய்!" வாய் அதுபாட்டுக்கு ஓடியது.

எல்லோரும் மாப்பிள்ளையின் தாயார் ஹாஜரா பீவியைப் பார்த்தார்கள். அவர் மெல்ல வந்து மிஸ்ரியா முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"ஏட்டி, போன வருசம் எனக்குக் கல்லு இருக்குன்னு ஆப்பரேசன் பண்ணிப் பித்தப்பைய எடுத்துட்டாங்க. எங்கண்ணுல காட்டவே இல்ல. வரஞ்சு காட்டு, பாப்போம்."

மிஸ்ரியா ஈரலை வரைந்து, அடியில் பையைத் தொங்கவிட்டு, உள்ளே கற்களைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். சிரிப்பில் கோன் ஆடியது. ஜன்னத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இரண்டு கையிலும் மருதாணி, துடைக்க வழியில்லை.

ஹாஜரா பீவி உள்ளங்கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"யா அல்லாஹ், இம்புட்டு அழகானதையா வெட்டித் தூரப் போட்டானுவ!"