பட்டனின் இருமலும் குன்னத்தூர்க்காரரும்

பட்டன் முதன்முதலில் இருமியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவிலிருந்து அவனைத் தூக்கியபோது. தொண்டையில் முள் சிக்கினாற்போல இரண்டு தடவை இருமினான். பிறகு என் மோவாயை நக்கிவிட்டு இறங்கி ஓடிவிட்டான்.

பட்டன் ஸ்பானியல் இனத்துச் சின்ன நாய். வீட்டைக் காவல் காக்கத் தெரியாது. யார் வந்தாலும் மடியேறி உட்காருவான். அப்போது அவனுக்கு ஐந்து வயதுகூட முடியவில்லை.

எங்கள் வீடு திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில். மேலே நாங்கள், கீழே பனியன் துணி பின்னும் என் கணவரின் ஐந்து நிட்டிங் மிஷின்கள். எங்கள் பக்கத்தில் யார் இருமினாலும் காரணம் ஒன்றுதான், பஞ்சுத் தூசி. டெய்லர் இருமினால் பஞ்சு, முதலாளி இருமினால் பஞ்சு. நாய் இருமினால் மட்டும் வேறென்ன? "ஊரே இருமுது, இவனுக்கு மட்டும் டாக்டரு கேக்குதா?" என்றார் என் மாமியார்.

சந்தேகத்துக்கு, பட்டனை எங்களுக்கு விற்றவரையும் போனில் கேட்டேன். அவரைக் குன்னத்தூர்க்காரர் என்றே எழுதுகிறேன். மரியாதையெல்லாம் இல்லை, எங்கள் ஊரில் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம்.

"பஞ்சுதானுங்க அம்மிணி. கீழ மிஷின் ஓடுதுல்லீங்க? இவனுக்கு முந்தின ஈத்துக் குட்டியிலகூட ஒண்ணு இப்படித்தான் இருமி இருமி..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அதுவும் பஞ்சுதானுங்க" என்று முடித்தார். நான் நன்றி சொல்லி வைத்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான்கு மாதம் பஞ்சோடு போர் நடத்தினேன். மாடிப்படிக்கு பிளாஸ்டிக் திரை, நாளுக்கு மூன்று தடவை ஈரத் துடைப்பு, துளசிக் கஷாயம். மிஷின்களை இடம் மாற்றச் சொல்லி நச்சரித்ததில், பாவம் என் கணவர் வாடகைக்கு ஷெட் தேடிக் கிளம்பிவிட்டார். இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாய் இருந்து, அது இருமினால், துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் நெஞ்சைக் காட்டுங்கள்.

ஒருநாள் கேட்டருகே ஓடி வந்தவன் கால் மடங்கி விழுந்தான். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட நான் எழ இன்னும் நேரமானது.

கால்நடை மருத்துவமனையின் டாக்டர் இளம்பெண். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்தார். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள கதவு) சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னுக்கே கசிகிறது என்றார்.

"பஞ்சு இல்லீங்களா?"

"இல்லம்மா. இதயம் பெருசாகி மூச்சுக்குழாயை அழுத்துது, அதான் இருமறான். இந்த வகை நாய்க்குப் பரம்பரையா வர்ற நோய். தாயையும் தகப்பனையும் சோதிச்சுட்டுத்தான் குட்டி போட விடணும்."

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். லப் டப் என்று கேட்கும் என்று நினைத்தேன். கேட்டது மர்மர் (வால்வு கசியும் இரைச்சல்). உஸ், உஸ் என்று, வாசர் தேய்ந்த குழாய் போல. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் குன்னத்தூர்க்காரர் விழுங்கிய அரை வாக்கியம் எனக்கு நினைவுக்கு வந்தது. இருமி இருமி அந்தக் குட்டிக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எனக்கு விற்றார், தெரிந்தேதான் பஞ்சு என்றார்.

காலையும் மாலையும் மாத்திரை. ஒன்று இதயத்துக்கு வலு கொடுப்பது, ஒன்று நீர் பிரிய வைப்பது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வைத்துக் கொடுப்பேன்; கிழங்கைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் சாமர்த்தியம் அவனுக்கு உண்டு. உப்பு ஆகாது. மாமியார் ஒளித்து ஒளித்து முறுக்கு கொடுத்ததைக் கண்டுபிடித்து டப்பாவையே பூட்டிவைத்தேன். இரண்டு நாள் இருவரும் என்னோடு பேசவில்லை.

முக்கியமான வேலை மூச்சை எண்ணுவது. தூங்கும்போது விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் தரையில் படுத்து எண்ணுவேன். எண்ணி முடித்ததும் குன்னத்தூர்க்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல என்னென்ன கேட்கலாம் என்று யோசிப்பேன். மருந்து அவனுக்கு, இது எனக்கு.

சித்திரை வெயிலில் ஒருநாள் போனேன். புதிதாகக் குட்டி வாங்குகிறவள் போலப் போனில் பேசி நேரம் வாங்கியிருந்தேன். சொந்தமாக ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கியிருந்தேன். பட்டனையும் காரில் ஏற்றிக்கொண்டேன். வெயிலில் அலைக்காதீர்கள், பரபரப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஆள் இவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கணவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏசியாவது போட்டுக்க" என்று கூடவே வந்தார்.

குன்னத்தூர்க்காரர் வீட்டுப் பின்கட்டில் கம்பிக் கூண்டு. அதற்குள் பட்டனின் தாய் ராணி, வயிறு தரையைத் தொட, நாக்கைத் தொங்கவிட்டு நின்றாள். ஒன்பது வயதில் மறுபடியும் சினை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, பிறக்கப்போகும் குட்டிக்கு இப்போதே சொல்லிவைக்க வந்திருந்தார்கள்.

கூண்டைத் திறந்து ராணியின் இடது விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அதே உஸ், உஸ். அந்தப் பெண்ணை அழைத்துக் காதில் மாட்டிவிட்டேன். காரிலிருந்த என் கணவரிடம் பட்டனைக் கொண்டுவரச் சொல்லி அவன் நெஞ்சையும் கேட்க வைத்தேன். "இவன் இவளோட புள்ளைங்க. நீங்க வாங்கப் போறது இவனோட தம்பிங்க" என்றேன். அந்தப் பெண் தன் கணவரைப் பார்த்தார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

குன்னத்தூர்க்காரர் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க அம்மிணி, ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கறது நல்லாவாங்க இருக்குது?"

"ரொம்ப நல்லாத்தானுங்க இருக்குது."

மெய்யாகவே நன்றாக இருந்தது. அத்தனை மாதத்தில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லி நல்லவள் வேடம் போட எனக்கு விருப்பமில்லை.

காருக்குத் திரும்புவதற்குள் கணவர் கையில் பட்டன் கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கினான். தாயை மோந்து பார்த்த பரபரப்போ, வெயிலோ, இரண்டுமோ. நாக்கு நீலமாக இருந்தது. எண்ணினேன், அறுபதுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

நுரையீரலில் நீர்கோர்ப்பு (நுரையீரல் திசுவில் நீர் நிறைந்து மூச்சு முட்டுவது). இரண்டு நாள் ஆக்சிஜன் பெட்டிக்குள் இருந்தான். கண்ணாடி வழியே என்னையே பார்த்தான்.

"எங்கம்மா கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் டாக்டர். சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரை அளவை இரட்டிப்பாக்கி எழுதிவிட்டு, "வருஷக் கணக்குல பேசிட்டிருந்தோம். இனி மாசக் கணக்குல பேசணும்" என்றார்.

பட்டன் பிழைத்துவிட்டான். இப்போது படியேற மாட்டான். நான் யாரைப் பழிவாங்கப் போனேனோ அந்த ஆள் இழந்தது ஒரு வியாபாரம். நான் இவனிடமிருந்து எடுத்துக்கொண்டது எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. அந்த ஆள் மேலிருந்த ஆத்திரத்தில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

ஆடியில் ஒரு மதியம் அவரே அழைத்தார். குட்டிகளில் ஒன்றுதான் உயிரோடு தங்கியதாம். "ராணி படுக்க மாட்டீங்குதுங்க அம்மிணி. உக்காந்தே மூச்சு வாங்குது. நீங்க பாக்கற டாக்டரு யாருங்க?" கழுவின மீனில் நழுவின மீன்போலப் பேசுகிற மனிதரின் குரல் தடுமாறியது.

எனக்கு வாயில் வந்தது வேறு. ஆனால் ராணி என்ன பாவம் செய்தாள்? டாக்டர் பெயரைச் சொன்னேன். பிறகு மூச்சு எண்ணுவது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் படுக்க வேண்டும், வேறெதையும் பார்க்கக் கூடாது, முழுதாக ஒரு நிமிடம், தினமும்.

"ஒரு நிமிசந்தானுங்களா?" என்றார்.

"ஒரு நிமிசந்தானுங்க."

அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு இன்னும் தெரியாது. முப்பதுக்குள் நிற்க வேண்டுமே என்று இருபத்தைந்திலிருந்து தன் மூச்சையே பிடித்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது. இப்போதெல்லாம் சமைக்கும்போதும் நடக்கும்போதும் என் மூச்சு பட்டனின் கணக்கில்தான் போகிறது. பெருமூச்சு விட்டே வெகுநாளாகிறது. அந்த மனிதருக்கு நான் வேறு எந்தத் தண்டனையும் யோசிக்கவில்லை. எண்ணட்டும்.