காற்றுப் பெட்டியைக் கழற்றியவரும் கைநூலைப் படித்தவளும்

பழைய மோட்டார் சைக்கிள் திருத்துகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு வேலை ரெண்டு: வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, புருஷனைத் தேடி வந்து "பாஸ் இல்லையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்தால் யாரும் செய்ததாகவே நினைக்க மாட்டார்கள். வீட்டோடு கராஜ் வைத்திருக்கும் சகோதரிகளே, வயிறெரிந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

புனல் போன விதம்

ஹட்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைதான் கராஜ். உடப்புசல்லாவை தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற மாணிக்கம் ஐயா, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஒற்றைச் சிலிண்டர் பைக்கை அங்கே கொண்டுவந்தார். சம்சாரத்தைப் பின்னால் வைத்து ஏற்றம் ஏறினால் பைக் மூச்சு வாங்குகிறதாம். "த்ரீவீல்காரன்லாம் கைய ஆட்டிட்டு முந்திப் போறான் பாஸ்" என்று அழாத குறை. எங்கள் வீட்டுக்காரர் உடனே காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றி மூலையில் எறிந்தார். கார்புரேட்டர் வாயைத் திறந்துவிட்டால் எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும், பலம் கூடும் என்றார். அந்த வாய்க்கு அழகாக விரிந்த குழல் ஒன்று வேண்டுமாம்.

மத்தியானம் தேங்காயெண்ணெய் ஊற்றப் புனலைத் தேடினேன். அது பாதியாக அறுபட்டு, மினுக்கப்பட்டு, பைக்கில் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கராஜில் வெல்டிங் செய்யும் சுனில் மட்டும் அசையவில்லை, வீட்டம்மாவுக்கான சிங்கள மரியாதையோடு சொன்னார்: "நோனா, வேற புனல் கடையில வாங்கலாம். இந்த மாதிரி வளைவு எங்க வாங்குறது?"

நாற்பத்தொன்றாம் பக்கம்

அந்த பைக்கோடு ஒரு கைநூலும் வந்தது. முழுக்க இங்கிலீஷ். கான்வென்ட்டில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் சிஸ்டர் அடிமட்டத்தால் விரல் முட்டியில் அடிப்பார். அப்படி வாங்கிய இங்கிலீஷை நான் வீணாக்குவதில்லை, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நாற்பத்தொன்றாம் பக்கம் வரை படித்தேன். காற்றுப் பெட்டியைக் கழற்றினால் பெட்ரோல் வரும் பித்தளைத் துளையான ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் கொதித்து, பிஸ்டன் இறுகிவிடும் என்று அச்சில் இருந்தது.

இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐயாவின் சம்சாரத்துக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த பைக்குக்கு இலங்கையில் வேறு பிஸ்டனும் கிடையாது. ஐயா பத்து வருஷம் தேடிப் பார்த்துவிட்டார். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் பைக்கைக் கிளப்பி மேட்டு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பைக் பறந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் உயரத்தில் காற்றே மெலிசு. அதனால் பெட்டி இல்லாமலும் அளவு ஏறக்குறையச் சரியாக இருந்தது. கீழே இறங்கினால் காற்று தடிப்பாகும், அங்கேதான் வினை என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒனக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்கு எஞ்சின் தெரியும். போய் சோத்தப் பாரு."

கேட்டது யார்?

சோற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்கு, நிசார் நானாவின் பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பித்தளை ஜெட், இந்த கார்புரேட்டருக்கு, இப்போது இருப்பதைவிட ரெண்டு நம்பர் கூட என்று தெளிவாகச் சொன்னேன். பெட்டியைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். எனக்குப் பின்னால் வந்த பொடியன்கள் ரெண்டு பேர், பெயர்கூடத் தெரியாமல் "அந்த வளைஞ்ச சாமான்" என்று கேட்டார்கள். அவர்களுக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எனக்கு மட்டும் விசாரணை: "தங்கச்சி, இது பாஸ் கேட்டாரா, இல்ல நீங்க கேக்குறீங்களா?"

கொழுந்தும் காற்றும்

"பாஸ்தான் கேட்டார்" என்று பொய் சொல்லித்தான் ஜெட்டை வாங்கினேன். கான்வென்ட்டில் படித்தவள், அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. அதைச் சொல்ல வைத்தவர்கள்மேல் இன்னும் கோபம் வருகிறது.

பைக்கை எடுக்க மாணிக்கம் ஐயா வந்தார். மறுநாளே சம்சாரத்தோடு கீழே பொல்பிட்டியவுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாராம். பேத்திக்குக் காது குத்து. வீட்டுக்காரர் கை கழுவப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்: "ஐயா, பெக்டரியில கொழுந்து வாட்டுற தொட்டிக்கு அளவு மீறிக் காத்து விட்டா என்ன ஆகும்?" முகம் மலர்ந்தது. "கருகிப் போயிரும்மா. வெளிக்காத்து காய்ஞ்சிருக்கா, பனியா இருக்கான்னு பாத்துத்தான் ஃபேனத் திறக்கணும். நான் கையால தொட்டே சொல்லிருவேன்." இந்த எஞ்சினும் அதே கதைதான், கீழே காற்று வேறு, இந்த ஜெட்டைப் போட்டால்தான் தாங்கும் என்றேன். நாற்பது வருஷம் காற்றை அளந்த மனுஷன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "நீங்க சொல்றது சரிதாங்கம்மா. ஆனா பாஸ் என்ன சொல்றாரு?"

கினிகத்தேனை ஏற்றம்

ஜெட்டை ஒரு துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஸ்பேனர்களோடு வைத்து அனுப்பினேன். கைநூலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையில்லை, அதனால் பொல்பிட்டிய வரை ஒன்றும் தெரியவில்லை. திரும்பி, கினிகத்தேனைக்கு ஏறும்போதுதான் போன் கோல் வந்தது. வீட்டுக்காரர் நுவரெலியா போயிருந்தார். போனைக் கராஜில் விட்டுவிட்டு. "பாஸ், இழுக்க மாட்டேங்குது, எஞ்சின் அடுப்பா கொதிக்குது, உள்ள ஏதோ கிறீச்சுங்குது!" என்றார் ஐயா. நான் பாஸ் இல்லை, அவர் சம்சாரம் என்றேன்.

"அம்மாவ இறக்கி ஓரமா நிக்க வைங்க. கிக்கர மிதிக்காதீங்க. நல்லா ஆறட்டும்" என்றேன். ஆறிய பிறகு நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் பெட்ரோலை அடைத்தார், கார்புரேட்டரின் அடி மூடியைக் கழற்றினார், பழைய ஜெட்டை எடுத்து, சீட்டுக்கு அடியிலிருந்த புதியதைப் பூட்டினார். உதைத்தார். என் காதிலேயே எஞ்சின் சத்தம் கேட்டது, கிறீச் இல்லாமல், சுத்தமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயாவின் சம்சாரம் பின்னாலிருந்து கேட்ட கேள்வி அதைவிடத் தெளிவாகக் காதில் விழுந்தது: "யாருங்க அது போன்ல, பாஸா?"

தேயிலைப் பொட்டலம்

அடுத்த வாரம் ஐயா நல்ல தேயிலைப் பொட்டலம் ஒன்றோடு வந்தார். என்னைத் தாண்டிப் போய் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "பாஸ், என்னா ஒரு முன்யோசனை! கீழ போனா இப்படி ஆகும்னு தெரிஞ்சு, ஜெட்ட சீட்டுக்கு அடியிலயே வச்சு அனுப்பியிருக்கீங்களே!"

ஜெட் வாங்கிய கதை வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரு கணம் முழித்தார்; வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்; நான் வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். மீசையைத் தடவினார். "இதெல்லாம் யோசிக்காமலா அனுப்புவோம்!"

எஞ்சின் ஓடக் காற்றும் பெட்ரோலும் நெருப்பும் வேண்டும் என்று அந்தக் கைநூலில் விளக்கமாகப் போட்டிருக்கிறார்கள், மீசையும் வேண்டும் என்பதைத்தான் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.