சாயா உள்ளே போகும் வரை

அந்த பெஞ்சு இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. எர்ணாகுளத்தில் எங்கள் ஆணையத்தின் அலுவலக மாடியில், கூட்ட அறைக் கதவுக்கு எதிரே, சுவரை ஒட்டி. ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துத் தேய்ந்த பெஞ்சு. காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள், ஒரு மீன், ஒரு கோணல் இதயம் எல்லாம் அதில் உண்டு. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். தலைவர் சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த அன்றும் அது அப்படித்தான் சத்தம் போட்டது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. மட்டாஞ்சேரியில் கற்பூரம், திரி, சாம்பிராணி, விபூதி விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் அப்பா காலத்தில் இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். நெற்றியில் நீறும் கையில் கற்பூர வாசனையுமாக இருப்பதால் எல்லாருக்கும் நான் சாமிதான். பத்தாம் வகுப்போடு நின்றவன் ஆணையத்தில் உறுப்பினர் ஆனதைப் பகவதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அரசாங்கம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கெல்லாம் மேலே இருப்பது அந்த ஆணையம். எங்கே எந்தப் படிப்பு, யார் ஆசிரியர், எதைத் திறப்பது, எதை மூடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதிகாரிகள், கவுன்சிலர், தொழில் நடத்துகிறவர்கள், ஆசிரியர் சார்பில் ஒருவர், பெற்றோர் சார்பில் ஒருவர் என்று உறுப்பினர்கள். என் மகள் மட்டாஞ்சேரி நிலையத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் படிப்பில் சேர்ந்த புதிதில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உறுப்பினராகப் போக யாருக்கும் மனமில்லை. கடைசி வரிசையில் பேசாமல் இருந்தவன் நான். பேசாதவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

தலைவர் சார் வெலிங்டன் தீவில் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளிதான், ஆனால் எங்கள் தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் மலையாளம் முந்திக்கொள்ளும். கூட்டம் நடத்துவதில் அவருக்கென்று இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, எடுத்த காரியம் முடிவாகாமல் அறைக்குள் சாயா, அதாவது டீ, வரக்கூடாது. சாயா வந்தால் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக ஒதுங்கிக் குசுகுசுப்பார்கள், காரியம் மேசையில் முடியாமல் ஜன்னலோரத்தில் முடிந்துவிடும் என்பார். மற்றொன்று அந்த பெஞ்சு. ஒரு காரியத்தில் உறுப்பினர் யாருக்காவது சொந்த வீட்டுச் சம்பந்தம் இருந்தால், அவர் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய் பெஞ்சில் உட்கார வேண்டும். முடிவானபின் கூப்பிடுவார்கள். உள்ளே போகும் சாயாவில் ஒரு கிளாஸ் பெஞ்சுக்கும் வரும்.

நான் போன புதிதில் கவுன்சிலர் ஒரு முறை வெளியே போக வேண்டி வந்தது. அவருடைய மச்சினன் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கவுன்சிலர் எழுந்துகொண்டே, ‘சாரே, பள்ளிக்கூடத்தில கூட என்னை இவ்வளவு தடவை வெளியே நிறுத்தினதில்ல’ என்றார். ‘நிறுத்தியிருந்தா நான் இப்ப கஷ்டப்பட வேண்டாமே’ என்று சார் பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெஞ்சு எனக்கும் ஒரு நாள் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

மட்டாஞ்சேரி நிலையத்தை ஆலுவாவுக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஒரு மழைக்காலத்தில் கிளம்பியது. பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கட்டிடம் பழைய இஞ்சிக் கிடங்கு. மழை பெய்தால் மெஷின்களுக்குத் தார்ப்பாய் போட வேண்டும். ஆலுவாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டிடம் வாடகைக்குத் தயாராக இருந்தது. நல்ல இடம், நல்ல வெளிச்சம். ஆனால் எங்கள் சந்துகளிலிருந்து நடந்து வந்து படிக்கிற பெண்பிள்ளைகள் ஆலுவா வரை போய் வருவார்களா? பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் வீட்டிலும் அதுதான் நடக்கும் என்பது நிச்சயமாகவே தெரிந்தது. பெண்பிள்ளை ஸ்பானர் பிடிக்கிற படிப்பு என் அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லை. பக்கத்திலேயே இருக்கிறதே, அந்திக்குள் வீடு வந்துவிடுவாளே என்று சொல்லித்தான் அவர் வாயை அடைத்து வைத்திருந்தேன். மாற்றப் போகிறார்கள் என்று கேட்டதும் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். ‘ஆலுவாவுக்கெல்லாம் அனுப்ப முடியாது. படிச்ச வரைக்கும் போதும். பாலக்காட்டுல ஒரு வரன் இருக்கு, பையன் தங்கம்’ என்றார். பின்னால் தட்டில் திரி அடுக்கிக்கொண்டிருந்த மகள் தலை நிமிரவில்லை. சாயங்காலம் சோறு போடும்போது மட்டும், ‘அப்பா, இன்னும் ஒரே ஒரு வருஷம்’ என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

மட்டாஞ்சேரியில் எல்லாரும் விரல்விட்டு எண்ணினார்கள். மாற்ற வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஏறக்குறைய சரிசமம். சார் நம்ம ஊர்க்காரர், அவர் கை நம்ம பக்கம், அதனால் நிலையம் எங்கும் போகாது என்று சாயாக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். நானும் அந்தக் கணக்கை நம்பித்தான் அன்று விடியலில் பகவதி கோயில் நடையில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் படகு ஏறினேன்.

கூட்டத்தில் என் முறை வந்தபோது எழுந்து சொன்னேன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எங்கள் சந்து எவ்வளவு குறுகல், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் அம்மாமார் எந்தக் கிடங்கில் மிளகு புடைக்கப் போகிறார்கள், இதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்து உட்காரப் போனேன். சார் என்னைப் பார்த்து, ‘சாமி, மகள் அங்கதானே படிக்கிறா?’ என்றார். ஆமாம் என்றேன். அவர் கதவைப் பார்த்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெற்றோர் சார்பாக வந்தவனை, பிள்ளை படிக்கிறாள் என்று வெளியே அனுப்பினால் அப்புறம் எதற்குப் பெற்றோர் உறுப்பினர் என்று கேட்டேன். சார் நிதானமாகத்தான் சொன்னார். எல்லா நிலையங்களுக்கும் பொதுவான காரியம் என்றால் நான் கை தூக்கலாம், இது என் வீட்டு வாசலில் நிற்கிற காரியம், நான் சொன்னதை எல்லாரும் கேட்டாயிற்று, அது போதும் என்றார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் ஒரு கை குறைந்தது. இனி எல்லாம் சார் கையில்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பகவதியின் பெயரை வாய்க்குள் சொல்லத் தொடங்கினேன்.

கதவு திறந்தது. சார் வெளியே வந்தார். கதவைத் தாமே சாத்திவிட்டு வந்து, குட்டைக்கால் பக்கம் உட்கார்ந்தார். டக்.

தண்ணீர் குடிக்க வந்தார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆலுவாக் கட்டிடம் தன் தம்பியுடையது என்றார். தம்பியோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. கட்டிடம் வேறு பெயரில் இருந்ததால் தம்பியுடையது என்பது நேற்றுத்தான் தெரிந்ததாம். உள்ளே இப்போதுதான் அதைச் சொல்லி, கூட்டத்தை ஆணையத்தின் செயலாளர் மேடத்திடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். ‘சாரே, நீங்க மாத்த வேண்டாம்னுதானே கை தூக்கப் போறீங்க? தம்பிக்கு எதிராத்தானே? அதுக்கு எதுக்கு வெளியே வரணும்?’

‘எதிரா தூக்கினாலும் அது தம்பியை நினைச்சுத் தூக்கின கைதான், சாமி.’

‘அப்ப உள்ளே நமக்குன்னு யாரு இருக்கா?’

‘உள்ளே இருக்கிறவங்க இருக்காங்க’ என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இப்போது எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஒரு ஊரே நம்பியிருக்கிற கையை இப்படித் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று பட்டது. உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி முதலாளி ஒருவர் உறுப்பினராக இருந்தார், அவருடைய கனத்த குரல் கேட்டது. செயலாளர் மேடத்தின் குரல் கேட்டது. பிறகு யார் குரலும் இல்லை, மின்விசிறி மட்டும். தாழ்வாரத்தின் கோடியில் சாயா போடுகிற சேச்சி தட்டில் கிளாஸ்களை அடுக்கி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். மணி அடித்தால்தான் அவள் சாயாவை உள்ளே கொண்டு போக வேண்டும். மணி அடிக்கவில்லை. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

என் உதடு அசைவதைச் சார் பார்த்திருக்க வேண்டும்.

‘எந்தா சாமி, பிரார்த்தனையா?’

‘ஆமா சார்.’

‘என்னன்னு?’

‘என் மக படிப்பு நடுவுல நிக்கக் கூடாதுன்னு.’

அவர் சிரித்தார். வாய்விட்டு இல்லை, மூக்கால். ‘அதனாலதானே நாம ரெண்டு பேரும் வெளியே இருக்கோம்’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளே மணி அடித்தது. சேச்சி தட்டை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள்.

முடிவு இதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனி ஆலுவா. ஏற்கனவே படிக்கிறவர்கள் மட்டாஞ்சேரியிலேயே படித்து முடிக்கலாம், அவர்கள் முடித்ததும் இங்கே கதவு பூட்டப்படும். கப்பல் கம்பெனிக்காரர்தான் பாதிப்படிப்பில் இருக்கிற பிள்ளைகளுக்காக அப்படி ஒரு வழி சொன்னாராம். நான் கேட்டது எதுவோ அது, கேட்ட அளவுக்கே, ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் கிடைத்தது. என் மகள் படித்து முடிப்பாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் சேர மாட்டாள். பெஞ்சுக்கு வந்த சாயாவை என்னால் குடிக்க முடியவில்லை. சார் தன் கிளாஸைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய் அடுத்த காரியத்தை எடுத்தார்.

ஊர் அவரை விடவில்லை. சாயாக்கடையில் அவர் நுழைந்தால், ‘ஆலுவாவுல பில்டிங் ஏதாவது வாடகைக்கு உண்டா சாரே?’ என்று கேட்பார்கள். தம்பிக்காகத்தான் எழுந்து போனார், உள்ளே இருந்திருந்தால் நிலையம் பிழைத்திருக்கும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. தம்பியோடு ராசியாகவும் இல்லை. பதவிக்காலம் முடிந்ததும் விலகிக்கொண்டார். பிறகு என் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி வாங்க வருவார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் பாஸாகி, தீவில் மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது இனிப்பு கொண்டு போனேன். வாயில் போட்டுக்கொண்டு, ‘அண்ணன் என்ன சொல்றார்?’ என்றார். வீட்டு ஏசி கெட்டதும் அண்ணன் முதலில் இவளைத்தான் கூப்பிட்டார் என்றேன். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் வைத்த விளக்குக்கு என் கடைத் திரிதான்.

மகள் படிப்பு முடிந்து பெற்றோர் இடம் போனபின் என்னைப் பொதுமக்கள் சார்பில் மறுபடி உறுப்பினர் ஆக்கினார்கள். இந்த மாதக் கூட்டத்தில் மட்டாஞ்சேரியில் மறுபடி ஒரு நிலையம் திறக்கும் காரியம் வந்தது. நல்ல கட்டிடம், கூரை ஒழுகாது. எதிர்ப்பும் இருக்கிறது, இம்முறையும் இரண்டு பக்கமும் சரிசமம்தான். நான் கை தூக்கினால் திறக்கும் என்று ஊரில் பழையபடி விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அந்த நிலையம் திறந்தால் அங்கே பயிற்றுநர் வேலைக்கு என் மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மகள் விண்ணப்பம் போட்டிருப்பதையும் சொன்னேன். எழுந்தேன். புதுத் தலைவர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். ‘சாமிசேட்டா, அதெல்லாம் பழைய சாரோட ஸ்டைல். வேலை யாருக்குன்னு பிறகு வேற ஆளுங்கதான் முடிவு செய்வாங்க. இருங்க’ என்றார். இருந்திருக்கலாம். சந்தில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகளும் நின்றாள். அவளை மட்டும் விலக்கி நிறுத்திப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் நெட்டைக்கால் பக்கம் உட்கார்ந்தேன். குட்டைக்கால் பக்கத்தை விட்டுவைத்தேன். பிரார்த்தனை செய்யக் கை கூப்பினேன், என்ன கேட்பது என்று தெரியாமல் உள்ளே இருக்கிறவர்களுக்காக வேண்டிக்கொண்டேன். கோடியில் சேச்சி கிளாஸ்களை அடுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயா இன்னும் உள்ளே போகவில்லை.