ஒரு இன்ச் கூடுதல்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இது எவனோ சொல்லிக் கேட்டதல்ல. என் கையில் டேப் இருந்தபோது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மூன்று நாற்பதுக்கு.

ஜன்னல் கர்ட்டனுக்கு அளவெடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷம். நான் அளப்பேன், என் மனைவி தைப்பாள், அவள் தம்பி கொண்டுபோய் மாட்டுவான். கர்ட்டன் தரையில் படக்கூடாது, அரை இன்ச் தூக்கி நிற்க வேண்டும். அதில் நான் பிசகியதே இல்லை, அந்த மாடி அறைக்குப் போகும்வரை.

அறையில் மூன்று ஜன்னல். மூன்றும் மூன்று உயரம். கட்டினவன் கையைக் கும்பிட வேண்டும். வீட்டம்மா தனியாள். "முதல்ல ஒண்ணு தைங்க அண்ணே. பார்த்துட்டு அடுத்தது" என்றார். ஏணியில் ஏறி, டேப்பின் நுனியைத் தரைவரை இறக்கி, கம்பி அருகே படித்தேன். அளவைச் சத்தமாகச் சொல்வது என் பழக்கம். "நூத்தி ரெண்டு" என்றேன். கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். ஏதோ விழுந்திருக்கும் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

தைத்து மாட்டினால் கர்ட்டன் தரையைக் கூட்டுகிறது. சரியாக ஒரு இன்ச் கூடுதல். தையலைப் பிரித்துக்கொண்டே என் மனைவி என்னைப் பொரிந்து தள்ளினாள்.

இரண்டாவது ஜன்னலை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் தொண்ணூற்றொன்பது. மூன்று முறையும் அதே 'டொக்'. எலி என்று நினைத்துக்கொண்டேன். தைத்து மாட்டினால்... மறுபடியும் ஒரு இன்ச் கூடுதல்!

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். அதே டேப், அதே வாரம், வேறு நான்கு வீடுகளில் நூலிழை பிசகவில்லை. இந்த ஒரு வீடு மட்டும் என் மானத்தை வாங்குகிறது.

"உங்களுக்குக் கண்ணு போச்சுங்க" என்றாள் மனைவி. "ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதுதான் கடைசி. மூணாவதும் தப்பினா டேப்பை என் தம்பிகிட்ட கொடுத்துடுங்க. நீங்க கடையில உட்கார்ந்து துணி மடிங்க."

மச்சினன் சுவரைப் பார்த்துச் சிரித்தான். இருபத்திரண்டு வருஷம் அளந்தவன் துணி மடிப்பதா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் தடவை போனது செவ்வாய்க்கிழமை. மணி மூன்று முப்பத்தைந்து. வீட்டம்மா கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் மேலே கேட்டது. மாடியில் நான் மட்டும். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி டேப்பை இறக்கினேன்.

ஃபேன் காற்றில் நுனி ஆடியது.

பிறகு... ஆடவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இந்த அறையில் அளவு படிக்கும்போது டேப் ஒரு தடவைகூட ஆடியதில்லை. லேசாக மேலே இழுத்தேன். வரவில்லை. கீழே யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது. "தொண்ணூத்தி ஏழு."

டொக்.

குனிந்து பார்த்தேன்.

யாரும் இல்லை. டேப்பின் நுனி மட்டும் ஒன்றாம் இன்ச்சில் மடங்கி, தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி...

இறங்க வேண்டும். இறங்கினால் அதன் பக்கத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

"ஒண்ணு... கழிக்கணுமா?"

டேப் தொய்ந்தது.

நுனி மறுபடி ஆடத் தொடங்கியது.

மணி மூன்று நாற்பது. ஏணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

மனைவியிடம் தொண்ணூற்றாறு என்று எழுதிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணோடு மூளையும் போச்சு என்பாள். மாட்டுகிற அன்று மச்சினனோடு நானும் போனேன். கர்ட்டன் அம்சமாக நின்றது, தரைக்கு அரை இன்ச் மேலே. அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டான். வீட்டம்மா கர்ட்டன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப நாங்களேதான் அளந்து தைப்போம் அண்ணே" என்றார். "மர வேலை பண்ணிட்டிருந்தார். அவர் டேப்புல முதல் இன்ச் பிஞ்சு போயிருந்துச்சு. புதுசு வாங்குங்கன்னா கேட்க மாட்டார். தொண்டையில ஆபரேஷன் ஆகிப் பேச்சு போனதுக்கப்புறம், நான் ஏணியில நின்னு அளவு சொன்னதும் கீழ தரையில ஒரு தட்டு தட்டுவார். ஒண்ணைக் கழிச்சுக்கோன்னு அர்த்தம்."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"போய் மூணு வருஷமாச்சு" என்றார்.

டேப் எனக்குத்தான் என்று மனைவி ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். எத்தனை ஏச்சுக்குப் பிறகு கிடைத்த டேப்! அடுத்த வாரமே அந்த வீட்டம்மா பக்கத்து அறைக்கும் அளக்கக் கூப்பிட்டார். நான் டேப்பை எடுத்து மச்சினன் கையில் கொடுத்தேன்.

"இன்னிக்கு மழை கொட்டத்தான் போகுது" என்றாள் மனைவி.

சாயங்காலம் ஐந்து பத்துக்கு அவன் திரும்பி வந்தான்.

"சுலபமா முடிஞ்சுது மாமா. அந்த வீட்டு ஐயா கீழ பிடிச்சுக்கிட்டார்."

"எந்த ஐயா?"

"அதான், வாயே திறக்க மாட்டேங்கிறாரே, அவர்தான். கிளம்புறப்ப கையை நீட்டி டேப்பை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்."

டேப்பை வாங்கி நுனியை வெளியே இழுத்தேன்.

முதல் இன்ச் இல்லை.