கவுன்டரை விட்டு நான் விலகி நின்ற மாதம்

1. கடிதம்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை ஷோரூமில் பல வருடம் ஃப்ளோர் மேனேஜராக இருந்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். இது என் வேலையின் கடைசிக் காலத்தில் நடந்தது. இன்றும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, முகூர்த்தப் பட்டு கவுன்டரில் இருந்த ஸ்டெல்லா ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். முசரவாக்கத்துப் பெண். ஆறு வருட அனுபவம். என் தளத்திலேயே கெட்டிக்காரி.

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல சார். எந்தப் புடவைய முதல்ல பிரிக்கணும், கஸ்டமர்கிட்ட என்ன பேசணும், எல்லாம் நீங்களே சொல்லிடுறீங்க. பின்னாடியே வந்து நின்னுக்கினு இருக்கீங்க. அப்புறம் நான் எதுக்கு சார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவளுக்கு உதவி செய்வதாக அல்லவா நினைத்திருந்தேன்! "ஒரு மாசம் பொறுத்துப் பாரும்மா. இனிமே நான் பக்கத்துல வரல" என்றேன்.

2. நாலாம் நாள்

சொன்னபடி விலகினேன். மாடிப்படி ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஸ்டாக் பட்டியலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். நாலாம் நாள் ஸ்டெல்லாவே வந்தாள்.

"சார், எம்மேல கோவமா?"

"இல்லியே. நீதானம்மா நிக்க வேணாம்னு சொன்ன?"

"நிக்க வேணாம்னுதான் சொன்னேன். பேச வேணாம்னா சொன்னேன்?"

சில்க் காட்டன் கவுன்டர் குமரேசன் இன்னும் குழப்பினான். அவனையும் அவன் போக்கில் விட்டிருந்தேன். "எனக்கு அதெல்லாம் வேணாம் சார். நீங்க சொல்லிட்டா, தப்பானாலும் திட்டு உங்களுக்குப் போயிடும்ல?" என்றான். விளையாட்டாகச் சொல்கிறானா, நிஜமாகவா என்றுகூடத் தெரியவில்லை.

3. தென்னேரிக் குடும்பம்

ஆவணி முகூர்த்தக் கூட்டம். தென்னேரியிலிருந்து அப்பா, அம்மா, கல்யாணப் பெண் என்று மூன்று பேர் வந்தார்கள். பெண் பள்ளிக்கூட டீச்சர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அம்மா அரக்கு நிறத்தில் கேட்டுக் கேட்டுப் பிரிக்கச் சொன்னார். பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

திடீரென்று ஸ்டெல்லா, பிரித்த புடவைகளையெல்லாம் ஒதுக்கி வைத்தாள். "கொஞ்ச நேரம் அக்கா பாக்கட்டும்மா."

கஸ்டமர் பார்த்துக்கொண்டிருக்கும் புடவையை எடுத்துவிடுவது என் தளத்தில் பெரிய குற்றம். அந்த அம்மாவின் முகம் கறுத்தது. நான் எழுந்து பாதி தூரம் போய்விட்டேன். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள். வா என்கிறாளா, வராதே என்கிறாளா? புரியாமல் நடுவழியில் அப்படியே நின்றேன்.

அவள் அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து ஒரு புடவை மேல் வைத்தாள். "இங்க ஒரு மேடு தெரியுதா? உடம்பும் பார்டரும் சேர்ற இடம். இப்படியே போங்க, முந்தி வரும்."

பெண்ணின் விரல்கள் ஜரிகை மேல் மெதுவாக ஊர்ந்தன. "மயிலா?" என்றாள். "கழுத்தைத் திருப்பிக்கினு இருக்குது!" என்று சிரித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கடைசியில் அந்த மயில் புடவையையே மடியில் இழுத்துக்கொண்டாள்.

"மாம்பழ மஞ்சளும்மா அது. அரக்குதானே பேசி வெச்சோம்?" என்றார் அம்மா.

"கலரை நீ பாத்துக்கோம்மா. கட்டிக்கப் போறது நான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க பெரியவர், சொல்லுங்க சார். எது எடுக்கலாம்?"

அரக்கு என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "ஸ்டெல்லாவைக் கேளுங்கம்மா" என்றேன்.

ஸ்டெல்லா, "அக்காவைக் கேளுங்கம்மா" என்றாள்.

மஞ்சள் புடவைதான் போனது.

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்: "அப்ப என்னை வான்னு பாத்தியா, வராதன்னு பாத்தியா?"

"எனக்கே தெரியல சார். பயந்துட்டேன். நீங்க அங்கியே நின்னது தெம்பா இருந்துச்சு."

ஸ்டெல்லா வேலையை விடவில்லை. விலகுவது சரியா, பக்கத்தில் நிற்பது சரியா என்பது எனக்கு அன்றும் தெளிவாகவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கவுன்டருக்குப் போவதற்கு முன்பும், "நான் வரட்டுமா?" என்று கேட்கப் பழகினேன். வேண்டாம் என்று சொன்னால் போகாமல் இருக்கப் பழகத்தான் அதிக நாள் பிடித்தது. மேலாளராகப் போகிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான்.