புகை வராத புகைப்புரை

நாகர்கோவில் சந்திப்பிலிருந்து பாறசாலைக்குப் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகலாம் என்றால், கட்டணத்தை உயர்த்த வேண்டிய கோப்பு எங்கோ யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்று அர்த்தம். டிக்கெட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

போகிற காரியம் இதுதான். என் மனைவியின் தம்பி ஸ்டீபன், பாறசாலைக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிய, கேரளப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் புகைப்புரை நடத்துகிறான். ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அந்தத் தகடுகளை நாலைந்து நாள் புகையில் தொங்கவிடும் சிறு கட்டடம் அது. சுற்றியுள்ள பதினோரு குடும்பங்களின் தகடுகள் முறைபோட்டு அங்கே உலர்கின்றன. முந்தைய வாரம் போனில் அழைத்தான்.

"அத்தான், ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. புகை மட்டும் இல்லயாம், கண்ணுக்குத் தெரியாத கியாஸும் வெளிய போவுதாம். அதுல லோகமே சூடாவுதாம். நீங்க ஒண்ணு வரணும்."

"லோகம் சூடாவதற்கு உனக்கு மட்டும் தனி நோட்டீசா?" என்றேன்.

"எனக்காக்கும் வந்திருக்கு. லோகத்துக்கு வந்ததா தெரியல்ல."

தலைமைச் செயலகத்தில் விதிகள் வரையும் பிரிவிலேயே நரைத்தவன் நான். ஒரு நோட்டீசைப் பார்த்தால் என்ன சொல்கிறது என்று படிக்க மாட்டேன். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் என்பதை முதலில் தேடுவேன். ஓய்வு பெற்ற பின்னும் அந்த நோய் போகவில்லை. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணையில் உள்ள ஊரைப் பெயர் சொல்லி எழுதக் கூடாது என்பதும் அதே நோயின் ஒரு கூறு.

ஒன்பது மணிக்குப் பாறசாலை நிலையத்துக்கு வெளியே ஆட்டோ. ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றிருபது கேட்டார். மீட்டர் எங்கே என்றேன்.

"மீட்டரு உண்டு சாரே. ஆனா பாதி வழி தமிழ்நாடு, பாதி வழி கேரளம். எந்த ஸ்டேட்டு ரேட்டுக்கு ஓட்டணும்? சாரே சொல்லும்."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஏறி உட்கார்ந்தேன். வழியில் ஒரு வீட்டுச் சுவரில் தமிழில் பலசரக்குக் கடை விளம்பரம். அடுத்த வீட்டுச் சுவரில் மலையாளத்தில் வாழ்த்து. மூன்றாவது வீட்டில் இரண்டும். எல்லைக்கல் ஒன்று மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் நின்றது. அதில் யாரோ ஈரத்துணி உலர்த்தியிருந்தார்கள்.

ஸ்டீபன் வீட்டில் அவன் மனைவி றோஸ்லின் தேநீருடன் நோட்டீசையும் கொண்டு வைத்தாள். "அண்ணே, சாயா குடிச்சிட்டுப் படியுங்க. படிச்சிட்டுக் குடிச்சா இறங்காது."

மாசு பார்க்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. விறகு எரிக்கும் புகைப்புரைகள் வெப்ப வாயு வெளியிடுவதால், திறந்த அடுப்பை மூன்று மாதத்துக்குள் மூடிய அடுப்பாக மாற்ற வேண்டும். தவறினால் புகைப்புரை மூடப்படும். கூடவே மூடிய அடுப்பு எப்படிக் கட்டுவது என்று ஒரு வரைபடம். நான் தேடியது கடைசி வரியில் இருந்தது: 'சுற்றறிக்கையின்படி'. சட்டத்தின்படி இல்லை. விதியின்படி இல்லை. சுற்றறிக்கை என்பது ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதும் கடிதம். அதைக் கொண்டு குடிமகனின் அடுப்பைத் தொட முடியாது.

"இது செல்லாது" என்றேன்.

ஸ்டீபன் முகம் மலர்ந்தது. புகைப்புரையை மூடினால் என்ன போகும் என்பதை என்னை அதன் வாசலில் நிறுத்திக் காட்டினான். பாலாக விற்றால் அன்று காலையே விற்றாக வேண்டும், பால் காத்திருக்காது. வியாபாரி சொன்னதுதான் விலை. தகடாக்கிப் புகைத்துவிட்டால் மாதக்கணக்கில் வீட்டில் அடுக்கிவைத்து, விலை ஏறும்போது விற்கலாம். "இந்த நாலு சுவரு இல்லன்னா, பதினோரு குடும்பமும் அந்த ஆளு வீட்டு முற்றத்துல பாத்திரத்தோட நிக்கணும், அத்தான்." அந்த ஆள் என்பது ஊரில் ரப்பர் பால் வாங்கும் வியாபாரி. நோட்டீசுக்குப் பின்னால் அவர் இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. சாட்சியம் எதுவும் இல்லை. இன்றுவரை இல்லை. ஆனாலும் தோன்றியதை எழுதிவைக்கிறேன்.

மறுநாள் காலை நோட்டீஸ் மீதான விசாரணைக்காக நெய்யாற்றின்கரைக்குப் பேருந்து. அமரவிளையில், ஒரு காலத்தில் லாரிகளை மணிக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய சோதனைச்சாவடி பக்கம், இப்போது பழக்கடைதான் கூட்டத்தை நிறுத்துகிறது. தாலுகா தலைநகரில் நீதிமன்றமும் அலுவலகங்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. எந்தப் படி ஏறினாலும் ஏதாவது ஒரு மனு வாங்கும் மேசையில்தான் போய் முடியும். எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

விசாரணை அறையில் நோட்டீஸ் அனுப்பிய பொறியாளர் அம்மாள் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர்ப்பலகையில் ஸ்ரீஜா என்றிருந்தது. எதிர் பெஞ்சில் வார்டு மெம்பர் பிந்து. ஸ்டீபன் வீட்டைச் சுற்றியுள்ளவர்கள் துணியெல்லாம் புகை மணக்கிறது என்று பஞ்சாயத்தில் கொடுத்த புகார்தான் இங்கே வந்திருக்கிறது. அதனால் அவரும் ஒரு தரப்பு.

நான் எழுந்து பேசினேன். வாரியங்களும் அலுவலகங்களும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கொடுத்த அதிகாரத்துக்குள்தான் நடக்க முடியும். சட்டம் மனிதனின் மூச்சுக்குக் கெடுதி செய்யும் புகையைப் பற்றிப் பேசுகிறது. உலகத்தைச் சூடாக்கும் வாயுவையும் அதற்குள் அடக்குவதா என்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டிய பெரிய விஷயம். ஓர் அலுவலகம் தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொண்டு அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

பொறியாளர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "சாரே, ஒரு சோத்யம். சட்டசபை கூடிச் சொல்லுற வரைக்கும் வெயிலு காத்திருக்குமா?" என்றார்.

"காத்திருக்காது. ஆனால் வெயிலைக் காட்டி யார் வேண்டுமானாலும் உத்தரவு போடலாம் என்றால், நாளைக்கு மழையைக் காட்டியும் போடுவார்கள்."

அவர் சிரித்தார். "சாரு சொன்னது சரியாக்கும். எனக்கு இதுல அதிகாரம் இல்ல. உத்தரவை நிறுத்துறேன்." அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

உடனே ஒப்புக்கொள்ளும் அதிகாரியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். என் காலம் முழுவதும் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ஸ்டீபன் படியிறங்கும்போதே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் திரும்பிப் போய், அறைக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பொறியாளரிடம் கேட்டேன்: "இவ்வளவு சுலபமா விட்டுட்டீங்களே, ஏன்?"

"சாரே, இந்தப் புகாரு போக ரெண்டு இடம் உண்டு. கியாஸுன்னு எழுதினா ஃபைலு என் மேசையில இருக்கும். மூணு மாசம் டைமு குடுக்கலாம், அடுப்பு மாத்த வைக்கலாம். வெறும் புகைன்னா அது பஞ்சாயத்து லைசென்சு காரியம். இனி சாரு அவங்கள்ட்ட பேசிக்கோங்க."

நல்ல எண்ணத்தில் செய்தாராம். இல்லாத அதிகாரத்தை நல்லதற்கு எடுத்துக்கொள்பவர் அடுத்த முறை வேறெதற்காவது எடுத்துக்கொள்வார் என்பதே என் கருத்து, அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வாசலை நெருங்கும்போது மெம்பர் பிந்து பின்னால் வந்து, "அப்போ நாளைக்குக் காலத்த பஞ்சாயத்து கமிட்டி வாறோம், ஸ்டீபண்ணா. தேர்ந்தெடுத்தவங்கதான் முடிவு செய்யணும்னு சாரே சொல்லிட்டாருல்லா" என்றபோது, என் வாதம் என்னைவிட வேகமாக ஊருக்குக் கிளம்பிவிட்டது புரிந்தது.

நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்தில் இரண்டு சாயா, இரண்டு பழம்பொரி, நாற்பத்தெட்டு ரூபாய். ஸ்டீபன் பழம்பொரியைத் தொடவில்லை.

"அத்தான், ஜெயிச்சோமா?"

"சட்டப்படி ஜெயித்தோம்."

"அப்போ தோத்தாச்சு" என்றான்.

அவன் கணக்கு எளிது. ரப்பர் வைத்திருப்பவர்கள் பதினோரு குடும்பம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, வளைகுடாப் பணத்தில் வீடு கட்டி, மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்கள் அதைவிட மூன்று மடங்கு. ஓட்டு அவர்களிடம்.

மூன்றாம் நாள் காலை. நான் குளித்துவிட்டு வரும்போது புகைப்புரைப் பக்கம் வழக்கத்துக்கு மாறான சுறுசுறுப்பு. ஸ்டீபனும் தகடு போட்டிருந்த இரண்டு பேரும் கோணி கோணியாகச் சிரட்டையை அடுப்பில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த தேங்காய்ச் சிரட்டை. புகையே விடாமல் நின்று எரியும் சாதி. வழக்கமாக அவன் வைப்பது பாதி ஈரமான ரப்பர் விறகும் தேங்காய்த் தொண்டும், அதுதான் புகையும். புகைதானே அங்கே வேலை செய்வது.

"எலே ஸ்டீபா, என்ன பண்ணுத?"

"கமிட்டிக்குப் புகை காட்டாண்டாம் அத்தான். வந்து பாத்துட்டுப் போவட்டு. ஒரு மணிக்கூரு தானே."

"உள்ளே தகடு?"

"அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான், கதவைப் பார்க்காமலே.

கமிட்டி ஆறு பேர், ஒன்பதரைக்கு வந்தார்கள். புகைக்குழலுக்கு மேலே பார்த்தார்கள். நீல வானம். மூக்கைச் சுளிக்கத் தயாராக வந்திருந்த ஒருவர் சுளிக்க எதுவும் கிடைக்காமல் தும்மினார். பிந்து மெம்பர் அடுப்பைக் குனிந்து பார்த்து, "ஆஹா, நல்ல தீயாக்கும்" என்றார். றோஸ்லின் எல்லாருக்கும் சாயா கொடுத்தாள். யாரும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. ஒரு கமிட்டி எதைத் திறக்கச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் ஒரு மணிக்கூரில் போகவில்லை. ஒருவருக்குச் சாயா பிடித்துவிட்டது. இன்னொருவர் தன்னுடைய சம்பந்தி எனக்குத் தூரத்து உறவு என்று கண்டுபிடித்தார். பதினொன்றரைக்கு அவர்கள் வண்டி திரும்பியதும் ஸ்டீபன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வெக்கை முகத்தில் அறைந்தது. மூன்று நாள் பக்குவத்தில் தேன் நிறமாக வந்துகொண்டிருந்த தகடுகள் எல்லாம் எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி கொப்புளம் கட்டித் தொங்கின. சில கீழே வழிந்திருந்தன.

"போச்சு மக்கா" என்றார் தகடுக்காரர்களில் ஒருவர். "சுட்ட சப்பாத்திக்கு இனி கறி வையி."

ஸ்டீபன் சிரித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மாலை நாலு மணிக்குப் பிந்து மெம்பர் போனில் தீர்மானத்தை வாசித்தார். ஒருமனதாக முடிவு: புகைப்புரைக்கு லைசென்ஸ் தொடரலாம். ஒரே நிபந்தனை, இன்று நேரில் பார்த்தபடி எப்போதும் புகை வராமல் நடத்த வேண்டும். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "ஸ்டீபண்ணா, மூடணும்னு ரெண்டு பேரு நின்னாங்க. நான்தான் பேசி வாங்கினேன்."

தீர்மானத்தை மனத்துக்குள் பிரித்துப் பார்த்தேன். அதிகாரம் உண்டு, சட்டசபை எழுத்தில் கொடுத்தது. நேரில் பார்வையிட்டார்கள். தரப்பைக் கேட்டார்கள். எண்ணிக்கை சரி. ஒரு குற்றமும் சொல்ல முடியாத உத்தரவு. அதை நிறைவேற்றத்தான் முடியாது. புகை விடாத புகைப்புரை, தண்ணீர் இல்லாத கிணறு மாதிரி. லைசென்ஸ் வேண்டுமானால் கொடுக்கலாம்.

நாலாம் நாள் காலை ஸ்டீபன் என்னைப் பாறசாலை நிலையத்தில் கொண்டுவிட்டான். அதே ஆட்டோ, இந்த முறையும் நூற்றிருபது, நானும் கேட்கவில்லை. நடைமேடையில் நின்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தான், அந்த மேடம் போட்ட பழைய உத்தரவு இருக்குல்லா. அடுப்பு மாத்தச் சொன்னது. அதை நாமளே மனு போட்டு மறுபடி போட வைக்க முடியுமா?"

எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறையையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். "முடியாது மக்கா. அதிகாரம் இல்லாமல் போட்ட உத்தரவு என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். எழுத வைத்தது நான்."

"அப்போ அந்தப் படம்? மூடின அடுப்பு படம். அதுல புகை பூரா உள்ளதான் சுத்துமாம். வெளிய ஒண்ணும் வராதுன்னு கீழ எழுதியிருந்தாவ."

வாதத்துக்காக நோட்டீஸ் என் பையில்தான் இருந்தது. வரைபடத்தை உருவினேன். கையெழுத்து இல்லை, எண் இல்லை, பிரிவு இல்லை. பேனாவால் போட்ட செங்கல் வரிசை, குழாய், காற்று போகும் வழிக்கு அம்புக்குறி. 'வெளியே ஒன்றும் வராது' என்று கீழே இருந்ததை நான் நம்பவில்லை, கொஞ்சம் வரும். எந்த அதிகாரத்தின்கீழ் என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் அவனிடம் கொடுத்தேன். அவன் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு செங்கல் வேண்டும் என்று அவன் உதடு எண்ணிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது.

ஊர் திரும்ப அதே பத்து ரூபாய். குழித்துறை தாண்டியதும் இரு பக்கமும் தோப்புகளுக்கு மேல் இளம்புகை எழுந்து நின்றது. எங்கள் பக்கத்துப் புகைப்புரைகளுக்கு இன்னும் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதும் விசாரிக்க வேண்டிய ஒன்று. நாகர்கோவிலில் இறங்கும்போது மணி பதினொன்று கூட ஆகவில்லை. நடைமேடை சிமெண்ட் செருப்பைத் தாண்டிச் சுட்டது. சட்டசபை இன்னும் கூடவில்லை.